‘காரணம்’ என்று ஒரு பத்தி: 11 பிஎச்.டி. நிராகரிப்புகளுக்குப் பிறகு ஒரு மாணவி

அவளை இங்கே மலர் என்று வைத்துக்கொள்வோம். பெயரையும், ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். ஓர் இடத்தில் திருத்தம் சொன்னாள், அதையும் சேர்த்திருக்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உயிர்வேதியியல் ஆசிரியை. மாணவர் ஆலோசனைப் பொறுப்பும் என்னிடம் பல வருடமாக இருக்கிறது. மனநல மருத்துவம் படித்தவள் இல்லை. மலருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிய மூன்று பேரில் நானும் ஒருத்தி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் நான் வெளியே நின்று பார்த்தவள் இல்லை.

பின்னணி

அப்பா விசைத்தறித் தொழிலாளி. அம்மா பீடி சுற்றுகிறார். குடும்பத்தில் முதல் பட்டதாரி மலர்தான். 2024 மே மாதம் எம்.எஸ்சி. முடித்தாள். படிப்பில் கெட்டி. அதைவிட எனக்குப் பிடித்தது, ஒரு விஷயம் புரியவில்லை என்றால் வகுப்பு முடிந்து வராண்டாவில் கூடவே நடந்து வந்து கேட்பாள்.

அந்த வருடம் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை அமெரிக்காவில் 11 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தாள். எல்லாமே உயிர்மருத்துவ அறிவியல் பிஎச்.டி. இடங்கள். ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 75 டாலரிலிருந்து 125 டாலர் வரை போகும். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணத் தள்ளுபடி தருகிற இடங்கள் குறைவு. டோஃபல் என்கிற ஆங்கிலத் தேர்வையும் சேர்த்தால் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டியது. அம்மாவின் இரண்டு வளையல்கள் கூட்டுறவு வங்கிக்குப் போயின.

ஒரு பீடித் தொழிலாளி எதற்கு இவ்வளவு துணிந்தார் என்று கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம். அங்கே அறிவியல் துறைகளில் பிஎச்.டி. கிடைத்துவிட்டால் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் வரும். எம்.எஸ். படிப்புக்குப் போகிறவர்களைப் போல 40, 50 லட்சம் கடன் வாங்க வேண்டியதில்லை. அந்த வீட்டுக் கணக்கில் அமெரிக்கா போக இருந்த ஒரே வழி இதுதான். நகைக்கடன் ரசீது, மலரின் மதிப்பெண் பட்டியல்கள் இருந்த அதே பிளாஸ்டிக் ஃபைலில் இருந்தது. ஒவ்வொரு முறை சான்றிதழ் எடுக்கும்போதும் அது கண்ணில் படும்.

ராத்திரி இரண்டரை மணி

அமெரிக்காவில் அலுவலக நேரம் என்பது நமக்கு ராத்திரி. மின்னஞ்சல்கள் பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியற்காலை நான்கு வரை வரும். அப்பா இரவு ஷிஃப்டில் இருப்பார். தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குப் பழகிய பிள்ளை, தறி ஓடினால்தான் தூக்கமே வரும் என்று முன்பெல்லாம் சொல்வாள். அந்த மாதங்களில் போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு விழித்துக் கிடந்திருக்கிறாள்.

மின்னஞ்சலில் முடிவு இருக்காது. ‘உங்கள் விண்ணப்பத்தின் நிலையில் மாற்றம் உள்ளது’ என்று மட்டும் இருக்கும். உள்ளே போய்க் கடவுச்சொல் அடித்து, ஒரு பொத்தானை அமுக்கினால்தான் கடிதம் திறக்கும். அவளுடைய விடுதி அறைத்தோழிக்கு ஓர் இடத்தில் கிடைத்தபோது திரையில் வண்ணக் காகிதத் துகள்கள் கொட்டியதாம். அதைப் பார்த்ததிலிருந்து மலர் கடிதத்தைப் படிப்பதற்கு முன்னாலேயே திரை அசைகிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அசையாத திரை. ‘இந்த ஆண்டு தகுதியான விண்ணப்பங்கள் மிக அதிகமாக வந்ததால்...’ என்று தொடங்கும் இரண்டு பாரா. கீழே ஒரு கையெழுத்து.

11 இடங்களில் 9 இடங்கள் நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. ஓர் இடம் ஜனவரிக் கடைசியில் காணொளியில் பேசிவிட்டு மறுத்தது. இன்னோர் இடம் நேர்காணல் முடிந்து காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. மார்ச்சில், இந்த வருடம் அந்தப் பட்டியலிலிருந்து யாரையும் எடுக்கப் போவதில்லை என்று எழுதியது.

அவள் அம்மா எனக்கு போன் செய்தது அதற்கு மறுநாள். “ராத்திரி பூரா போனையே பாத்துட்டு கெடக்கா டீச்சர். சாப்பிடவும் மாட்டேங்கா, பேசவும் மாட்டேங்கா. நீங்க ஒரு வார்த்த பேசுங்க.”

கல்லூரிக்கு வரச் சொன்னேன். வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் கேட்டது விண்ணப்பத்தைப் பற்றி இல்லை. “செத்துப்போகலாம்னு தோணுதாம்மா?” என்று நேராகக் கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று ஆசிரியர்களே பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்டால்தான் சொல்ல வழி பிறக்கும். அவள் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தாள். “சாகணும்னு இல்ல மேம். எந்திரிக்கணும்னுதான் தோண மாட்டேங்குது.”

இதைச் சாதாரண வருத்தம் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு பாதி. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அந்த வாரமே கூட்டிக்கொண்டு போனேன். அப்போது இரண்டு முறை போனாள். மருந்து எழுதவில்லை. தூங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள், மறுபடி வரச் சொன்னார்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ அவள் போனிலும் அவள் அம்மா போனிலும் பதிந்து கொடுத்தேன். அது கட்டணமில்லாத எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். ராத்திரி இரண்டரை மணிக்கு ஆசிரியையைக் கூப்பிட எந்த மாணவியும் தயங்குவாள், அதனால் இந்த எண் அவசியம்.

நான் செய்த இரண்டு தவறுகள்

அவளைத் தேற்ற நான் முதலில் எடுத்தது செய்தி. 2025 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆய்வு மானியத்தோடு சேர்த்துக் கட்டடம், மின்சாரம், நிர்வாகம் ஆகியவற்றுக்காகப் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் மறைமுகச் செலவுத் தொகைக்கு 15 சதவீத உச்சவரம்பு என்றது. பல பெரிய பல்கலைக்கழகங்கள் அதற்கு முன் 50 சதவீதத்துக்கும் மேலே வாங்கிக்கொண்டிருந்தன. நீதிமன்றம் சில நாட்களிலேயே தடை போட்டது. ஆனால் பயம் பரவிவிட்டது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் பிஎச்.டி. சேர்க்கையைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, அந்த ஆண்டு உயிர்மருத்துவ பிஎச்.டி.க்குக் கொடுத்திருந்த இடங்களையே மார்ச்சில் திரும்பப் பெற்றது. கையில் கிடைத்த பிள்ளைகளுக்கே அந்த நிலை.

இன்னொன்றும் சொன்னேன். அங்கே முதல் ஓரிரு வருடப் பிள்ளைகளுக்கான உதவித்தொகையில் ஒரு பகுதி, டி32 என்கிற அரசுப் பயிற்சி மானியத்திலிருந்து வருகிறது. அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களுக்கும்தான். வெளிநாட்டுப் பிள்ளையை எடுத்தால் வேறு பணம் தேட வேண்டும். அதனால் நமக்கான இடங்கள் எப்போதுமே கொஞ்சம்தான், கை இறுகினால் முதலில் குறைவதும் அதுதான்.

இவை எல்லாம் உண்மை. சொல்லி முடித்து, அவள் முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். “அப்ப கிடைச்சவங்களுக்கு எப்படி மேம் கிடைச்சது?” என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. அவளுடைய அறைத்தோழியும் இந்தியாவிலிருந்துதான் போகிறாள், அதே வருடம்.

இரண்டாவது தவறும் நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஜோஹன்னஸ் ஹௌஷோஃபர் என்கிற பேராசிரியர் 2016-ல் தன் தோல்விகளையெல்லாம் வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வெளியிட்டார். தனக்கு இடம் கிடைக்காத படிப்புகளையும் அதில் போட்டிருந்தார். 2010-ல் மெலனி ஸ்டெஃபான் என்கிற விஞ்ஞானி நேச்சர் இதழில் எழுதிய ஒரு யோசனையிலிருந்து வந்தது அது. அதை அச்செடுத்து மலரிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். “இத எழுதும்போது அவர் பிரின்ஸ்டன்ல இருக்கார் மேம்.”

அவள் சொன்னது சரி. கரையேறியவர் நனைந்த துணியைக் காட்டுவதற்கும், தண்ணீருக்குள் இருப்பவள் அதைப் பார்ப்பதற்கும் நிறைய தூரம். அந்தப் பட்டியல் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துக் கொடுத்திருந்தால் வேறு மாதிரி படித்திருப்பாள். சாவு விழுந்த வீட்டில் முதல் நாள் யாரும் ஆறுதல் சொல்வதில்லை. போய் உட்கார்ந்திருப்போம், அழ விடுவோம். இந்தத் துக்கத்துக்கு விசாரிக்க வருகிறவர்கள் கிடையாது, பந்தல் கிடையாது, பதினாறாம் நாள் கிடையாது. அதனால் நாமும் அதைத் துக்கம் என்று நினைக்காமல், வந்த உடனே வழி சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன்.

எக்செல் தாள்

மூன்றாவது முறை வந்தபோது லேப்டாப் கொண்டுவந்தாள். விண்ணப்பங்களுக்காக வைத்திருந்த எக்செல் தாளைக் காட்டினாள். 11 வரிசைகள். கடைசித் தேதி, கட்டணம், கடிதங்கள் போய்ச் சேர்ந்தனவா, முடிவு. முடிவுப் பத்தி முழுக்கச் சிவப்பு. அதற்குப் பக்கத்தில் அவளே புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தாள். தலைப்பு: காரணம்.

‘காலேஜ் பேர் தெரியாது.’ ‘பேப்பர் இல்லை.’ ‘எஸ்ஓபி குழந்தைத்தனம்.’ ‘இங்கிலீஷ்.’ ‘தகுதிக்கு மீறி ஆசைப்பட்டது.’ பேப்பர் என்றால் இதழில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை. எஸ்ஓபி என்றால் ஏன் படிக்க வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரை. ‘இங்கிலீஷ்’ மூன்று இடத்தில் இருந்தது. ஏழாவது வரிசையில் ‘நான்’ என்று ஒரே சொல்.

வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன். இருவருமாகப் படித்தோம். ஒன்றில்கூடக் காரணம் இல்லை. ‘தனித்தனியாக விளக்கம் தர இயலாது’ என்று இரண்டு பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகவே எழுதியிருந்தன. எந்தக் கடிதமும் சொல்லாததை ராத்திரி மூன்று மணிக்கு இவள் இட்டு நிரப்பியிருக்கிறாள். நிரப்பக் கிடைத்ததெல்லாம், பள்ளிக்கூடத்திலிருந்து தன்னைப் பற்றி அவள் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்த விஷயங்கள். இந்த நிகழ்விலிருந்து மற்ற ஆசிரியர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நிராகரிப்பு வலிக்கிறது, அது வேறு. பிள்ளையைப் படுக்கையோடு போடுவது, சொல்லப்படாத காரணத்தை அது தானாக எழுதிக்கொள்வது. அந்த இடத்தில் நான் பணநெருக்கடி என்று எழுதிக் கொடுத்தேன், அவள் தன் பெயரை எழுதினாள். இரண்டு பேருக்குமே தெரியாது.

பக்கத்தில் இன்னொரு பத்தி போடச் சொன்னேன்: ‘எனக்கு எப்படித் தெரியும்?’ ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே, அது யார் சொல்லி, எதைப் பார்த்துத் தெரிந்தது என்று எழுத வேண்டும். இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை அழுதாள். பத்து வரிசைகளில் ‘தெரியாது’ என்று வந்தது. அந்தச் சொல்லை அடிக்க அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ‘இங்கிலீஷ்’ என்று எழுதினால் ஒரு பிடி கிடைக்கிறது, கோபப்பட ஒரு பொருள் இருக்கிறது. ‘தெரியாது’ என்பதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

பதினோராவது வரிசையில் மட்டும் உண்மையான பதில் இருந்தது. முதல் நேர்காணலில் ஒரு பேராசிரியர் அவளுடைய எம்.எஸ்சி. ஆய்வைப் பற்றிக் கேட்டிருக்கிறார். சிறியாநங்கைச் சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறதா என்பது ஆய்வு. சாற்றை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்துச் செல்களில் ஊற்றுவார்கள். அளவு கூடினால் டிஎம்எஸ்ஓவே செல்களைக் கொல்லும். ஆகவே வெறும் கரைப்பானை மட்டும் அதே அளவில் ஊற்றிய செல்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். “அந்தச் செல்கள் எங்கே?” என்று அவர் கேட்டிருக்கிறார். மலரிடம் இல்லை. அந்த ஆய்வை அவள் வேறோர் ஊரில், காசு கட்டிச் சேர்ந்த ஒரு தனியார் பயிற்சிக்கூடத்தில் மூன்று மாதம் செய்தாள். அங்கே அதைச் செய்யச் சொல்லித் தரவில்லை. அறிக்கையைப் படித்துக் கையெழுத்துப் போட்ட நானும் கவனிக்கவில்லை.

அதை அவளிடம் சொன்னேன். “நானும் பாக்கலம்மா. அது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.” எல்லாப் பழியையும் தன் தலையில் சுமந்துகொண்டிருந்த பெண் அன்றைக்குத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

இந்த ஒரு வரிசையை நான் மழுப்பவில்லை. நேர்காணலில் அது எடுபடாமல் போயிருக்கலாம், அது அவளுடைய ஆய்வில் இருந்த ஓட்டைதான். ஆனால் அது அடைக்கக்கூடிய ஓட்டை. ‘நான்’ என்று எழுதிய வரிசையோடு அதைச் சேர்த்து வைத்திருந்தவரை அவளால் அதைத் தொடக்கூட முடியவில்லை.

இந்த எக்செல் தாளுக்கு முன்னாலேயே வேறு சிலவும் முயன்றிருந்தோம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களில் ஆரம்பித்த ஒரு முறை உண்டு. மனதைக் கலக்கிய ஒன்றைப் பற்றி, தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம், யாருக்கும் காட்டாமல் எழுதுவது. மலர் இரண்டு நாள் எழுதினாள், அப்புறம் விட்டுவிட்டாள். வற்புறுத்தவில்லை. ராத்திரி மின்னஞ்சல் அறிவிப்பை அணைத்துவிட்டு, காலை எட்டு மணிக்கு அம்மா காபியோடு பக்கத்தில் இருக்கும்போது மட்டும் திறந்து பார்ப்பது என்று ஒரு ஏற்பாடு செய்தோம். இது பலித்தது. அதுவரை வராமல் இருந்த கடைசி இரண்டு முடிவுகள் அப்படித்தான் திறக்கப்பட்டன. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, மகளின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

அறைத்தோழியும் ஊரும்

மலர் சொன்ன திருத்தம் இங்கே வருகிறது. முதலில் நான் எழுதியதில் அறைத்தோழியைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. “நிராகரிப்பவிட அதுதான் மேம் வலிச்சது, அத எழுதுங்க” என்றாள். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எஸ்ஓபி எழுதியவர்கள், ஒருவருக்கொருவர் பிழை திருத்தியவர்கள். தோழிக்குக் கிடைத்த செய்தி வந்தபோது மலர் ஸ்டேட்டஸில் வாழ்த்துப் போட்டுவிட்டு, அடுத்த நிமிடம் அவளுடைய எண்ணை மௌனத்தில் போட்டிருக்கிறாள். பொறாமை வந்ததற்காக, பிறகு தன்னையே கெட்டவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலைக்குப் பரிமாறிவிட்டு நம் இலையைத் தாண்டிப் போனால் யாருக்கும் வருகிற உணர்ச்சிதான் அது என்று சொன்னேன். மே மாதத்தில் அவளே தோழிக்கு போன் செய்து, “எனக்கு ரொம்பப் பொறாமையா இருந்துச்சுடி, அதான் பேசல” என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கம் தோழி அழுதாளாம். கிடைத்ததைச் சொன்னால் மலருக்கு வலிக்கும் என்று அவளும் பேசாமல் இருந்திருக்கிறாள்.

ஊர்க் கேள்விகள் இன்னொரு பக்கம். சித்திரையில் கோயில் கொடை. வெளியூர்ச் சொந்தங்கள் எல்லாம் வந்து இறங்கும். “அமெரிக்கா எப்பட்டி கெளம்புத?” என்று நாற்பது பேராவது கேட்பார்கள். கொடைக்கே வரமாட்டேன் என்றாள். போகாமல் இருந்தால் அந்தக் கேள்வி வீட்டுக்கு வரும் என்று அப்பா சொன்னார். இருவருமாக ஒரே ஒரு வாக்கியம் தயார் செய்தோம்: “இந்த வருஷம் கிடைக்கல சித்தி, அடுத்து என்னன்னு பாத்துட்டு இருக்கேன்.” காரணம் சொல்லக் கூடாது. அமெரிக்க அரசியல் பேசக் கூடாது. சிரிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. என் அறையில் நான் சித்தியாக, பெரியப்பாவாக, மூக்கை நுழைக்கும் பக்கத்து வீட்டுக்காரராக மாறி மாறிக் கேட்டேன், அவள் அதே வாக்கியத்தைச் சொல்லிப் பழகினாள். கொடைக்குப் போனாள். ஏழெட்டு பேர்தான் கேட்டார்களாம். ஒரு பெரியம்மா மட்டும், “நல்லதாப் போச்சு, மாப்பிள பாத்துருவோம்” என்றிருக்கிறார். அதற்கு எங்களிடம் தயாரான வாக்கியம் இல்லை. அப்பாதான், “அவ படிக்கட்டும் மதினி” என்று சொல்லிவிட்டு உறுமிமேளம் பார்க்கப் போய்விட்டாராம்.

அந்த ஒரு வார்த்தை செய்ததை நானும் மருத்துவரும் சேர்ந்து செய்திருக்க முடியாது. வளையலுக்காக அப்பா தன்மேல் கோபமாக இருக்கிறார் என்று மூன்று மாதமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் யாரும் சொல்லாமல் அவளாக எழுதிக்கொண்ட காரணம்தான்.

பிறகு

ஏப்ரல் 15 என்பது அங்கே உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர்கள் பதில் சொல்லக் கடைசி நாள். அதற்குப் பிறகும் சில இடங்கள் காலியாகலாம் என்று அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. மே முதல் வாரம் வரை அந்த நப்பாசையோடு இருக்கட்டும் என்று விட்டேன். எதுவும் வரவில்லை. அன்றைக்கு அவள் முன்பு போல உடைந்து போகவில்லை. ஆனால் நன்றாகவும் இல்லை.

இங்கேயே ஆய்வு செய்வதற்கான தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட் எழுதினாள். மாதம் 37,000 ரூபாய் தரும் ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைக்கவில்லை. ஆகஸ்டில் ஓர் ஆய்வகத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்தாள். சம்பளம் அதில் பாதிகூட இல்லை. ஒரு வளையல் மீட்டாகிவிட்டது, இன்னொன்று இருக்கிறது. இப்போதும் ராத்திரி சில நேரம் முழிப்பு வந்துவிடுகிறது என்கிறாள். மருத்துவமனைக்குப் போவதை நிறுத்தவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை கல்லூரிக்கு வந்தாள். போனில் ஒரு படம் காட்டினாள். 96 குழிகள் கொண்ட செல் தட்டு. மஞ்சள் மருந்து ஊற்றினால் உயிரோடிருக்கும் செல்கள் அதை ஊதாவாக மாற்றும், செத்த செல்கள் இருக்கும் குழி வெளுத்துக் கிடக்கும். புதிய ஆய்வகத்தில் வேலை முடிந்த மாலை நேரங்களில், அனுமதி கேட்டுப் பழைய ஆய்வைத் திரும்பச் செய்திருக்கிறாள். இந்த முறை வெறும் டிஎம்எஸ்ஓ ஊற்றிய குழிகளும் பக்கத்திலேயே இருந்தன.

“இங்க பாருங்க மேம்.” படத்தைப் பெரிதாக்கினாள். குறைந்த அளவுகளில் கரைப்பான் குழிகள் நல்ல ஊதாவாக இருந்தன. கடைசி இரண்டு அளவுகளில் அவையும் வெளுத்திருந்தன. “என் ப்ராஜெக்ட்ல பெரிய டோஸ்ல செத்தது சாறால இல்ல. ஆனா இந்த மூணாவது டோஸ்ல கரைப்பான் ஊதா, சாறு வெள்ள. இது நெஜம் மேம்.” விரலால் அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். எத்தனை முறை திரும்பச் செய்ய வேண்டும், எந்தச் செல்லை மாற்றிப் பார்க்கலாம் என்று அவளே கேள்வி கேட்டு அவளே எழுதிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவள் கதவருகே நின்றாள்.

“நாலு இடத்துக்கு மட்டும் போடலாம்னு இருக்கேன் மேம். லெட்டர் அக்டோபர்ல கேப்பேன்.”